என் அறை வாசித்த கார்வைகள்

“அண்ணா, நடுவுல என்ன வாசிக்கறதுன்னு மறந்துபோச்சா?”

கோவையிலிருந்து என் தங்கை அலைபேசியில் கேட்ட இந்த ஒரு கேள்வி என்னை நான்கு மாதங்கள் அலைக்கழித்தது. நான் அவளுக்கு அனுப்பியிருந்தது 23 நிமிடப் பியானோ வாசிப்பு. தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்ததன்று. நள்ளிரவு தாண்டியபின் மின்விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து, கை போன வழியில் மனத்தை அனுப்பி வாசித்தது. மனோதர்மம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு, ஆனால் அதற்கு வேறு நல்ல சொல் இல்லை. தங்கையோ எட்டாண்டுகள் வீணை கற்றவள். ஒரு ஸ்வரத்தில் நின்று, அது கரையும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததற்குப் போவது, அதாவது கார்வை, என்றால் என்னவென்று அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கார்வை தெரிந்த காதுக்கே என் கார்வைகள் மறதியாகப் பட்டன என்பதுதான் உறுத்தியது.

முதலில் அவளுடைய அலைபேசியின் மேல்தான் பழியைப் போட்டேன். அலைபேசி ஒலிபெருக்கியில் பியானோ கேட்பதே பாவம் என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். அன்று மாலையே, அவள் கேட்டதுபோலவே, சமையலறை மேடையில் அலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு நானும் கேட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான்காவது நிமிடத்தில் இடக்கை ஒரு கீழ் ஸ்வரத்தைத் தொடுகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. எட்டு நொடி, ஒன்பது நொடி. இந்த ஆள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டானோ என்று எனக்கே தோன்றியது. வாசித்த இரவில் அந்த ஒன்பது நொடிகளும் நிறைந்து வழிந்தன என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வாசித்ததும் பதிந்ததும்

என் பியானோ பழைய அப்ரைட் வகை, சுவரை ஒட்டி நிற்பது. அறை 13 அடி நீளமும் 10 அடி 5 அங்குல அகலமும் கொண்டது. வீடு நங்கநல்லூரில், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் வீட்டுக் கொடிக் கயிற்றைத் தொட்டுவிட்டுப் போவதுபோல இருக்கும். ஆகவே பதிவுக்கு ஏற்ற நேரம் என்பது விமானம் ஓய்வதற்கும் பால் வண்டி வருவதற்கும் இடையில் கிடைக்கும் பொழுதுதான். சித்திரை வைகாசியில் குயில் மூன்றரை மணிக்கே தொடங்கிவிடும். மின்விசிறி இல்லாமல் சென்னைக் கோடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிப்பது தியானமா தண்டனையா என்பதை வாசிப்பவரின் சட்டைதான் சொல்ல வேண்டும்.

பியானோவின் மேல் மூடியைத் திறந்து, தந்திகளுக்கு ஓரடி மேலே இரண்டு மைக்குகளை இடமும் வலமுமாகத் தொங்கவிட்டிருந்தேன். நடுப் பெடலை மிதித்துப் பூட்டினால் தந்தியைத் தட்டும் ஹேமர்களுக்கும் தந்திகளுக்கும் நடுவே ஒரு கம்பளிப் பட்டை இறங்கும். அக்கம்பக்கத்தார் தூங்குவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் அதில் பிறக்கும் ஒலிக்கென்று தனி அழகு உண்டு. ஜெர்மன் பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராம் அண்டை வீட்டாரை முன்னிட்டுத் தந்திகளைக் கம்பளியால் அடக்கி, மைக்குகளை மிக அருகில் வைத்துப் பதிந்து 2011-இல் ஒரு தொகுப்பே வெளியிட்டார். பிறகு உலகெங்கும் வீட்டில் பியானோ பதிகிறவர்கள் எல்லாரும் கம்பளியைத் தேடினோம். கம்பளி இறங்கினால் ஒலி சிறுத்துவிடும். மைக்கின் உள்ளீட்டைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மைக்கின் சொந்த இரைச்சல், பெடல் முனகல், தந்தியின் அதிர்வை அடக்கும் டேம்பர்கள் தந்தியைவிட்டு எழும்போது வரும் பெருமூச்சு எல்லாம் கூடவே வரும். இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. பெடலின் முனகலுக்கு மட்டும் கொஞ்சம் மெழுகு தடவினேன்.

சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் விரல் விறைத்துப்போகும் வியாதி எனக்கும் உண்டு. அதற்கு நான் கண்ட மருந்து, அறைக்குள் நுழைந்தவுடனேயே பதிவை ஓடவிட்டுவிடுவது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஒரு ஜிபிதான் பிடிக்கும். நாற்காலியை இழுப்பது, தொண்டையைச் செருமுவது, சும்மா இரண்டு கட்டைகளை அழுத்திப் பார்ப்பது எல்லாம் பதிவாகிக்கொண்டே இருக்கும். எது வாசிப்பின் தொடக்கம் என்பதை அடுத்த நாள் முடிவு செய்துகொள்ளலாம். அந்த 23 நிமிடங்களும் இப்படி ஒன்றேகால் மணி நேரப் பதிவின் நடுவிலிருந்து எடுத்தவைதான்.

மாஸ்டரிங் செய்யும்போது, அதாவது வெளியிடுமுன் பதிவின் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலையில், படித்தவர்கள் சொல்லும் ஒழுங்கை அப்படியே பின்பற்றினேன். கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றைவிடப் பருத்துக் குமுறியது. இடமிருந்து 13-ஆவது கட்டை. ‘ஏ’ ஸ்வரம், நம் கச்சேரி வழக்கில் ஆறு கட்டை ஸ்ருதி. அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். இது அறையின் குற்றம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓர் அலையின் பாதி நீளம் சரியாகப் பொருந்திவிட்டால் அந்த அதிர்வெண் அறையில் தங்கிவிடும். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர்; என் அறையின் அகலம் 3.175 மீட்டர். வேகத்தை அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 55 வருகிறது. மின்விசிறி ஓடாத கோடை இரவில் என் அறை ஆறு கட்டைக்கு ஸ்ருதி சேர்த்து வைத்ததுபோல நிற்கிறது. வெளிநாட்டு ஒலிப்பதிவு வழிகாட்டிகளில் காணும் மரச் சட்டமும் ஜிப்சம் பலகையுமான சுவர்கள் இந்தக் கனத்த அலைகளில் கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை வெளியே விடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் சிமெண்டுப் பூச்சும் மொசைக் தரையும் எதையும் விழுங்குவதில்லை. வாங்கியதை வட்டியோடு திருப்பித் தருகின்றன.

ஆகவே அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 55 ஹெர்ட்ஸில் ஒடுக்கமாக ஒரு வெட்டு, 9 டெசிபெல் ஆழத்துக்கு. குமுறல் போயிற்று. வரைபடம் சமமாயிற்று. ஒழுங்காக வேலை செய்துவிட்ட நிம்மதியோடு தங்கைக்கு அனுப்பினேன்.

ஒளிக்கோடு

கேள்வி வந்து இரண்டு மாதங்கள் கழித்துத்தான் எனக்கு விடை கிடைத்தது. அதுவரை நான் செய்தது வெட்டு வேலை: இடைவெளிகளை நறுக்கிச் சுருக்கிப் பார்த்தேன். ஒன்பது நொடியை ஐந்தாக்கினால் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வரும் ஸ்வரம் யாரோ முதுகில் தள்ளிவிட்டதுபோல வந்து விழுந்தது. எழுதிவைத்த இசையில் வெட்டி ஒட்டுவது வேறு. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964-இல் மேடையை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய், நாடாவை வெட்டி ஒட்டுவதைக் கூச்சமில்லாமல் ஆதரித்துப் பேசினார். ஆனால் அவர் வெட்டியது இசையமைப்பாளர் பாஹ் ஏற்கெனவே எழுதி முடித்த இசையை. வரப்போகும் ஸ்வரம் எது என்பது அங்கே முன்பே முடிவானது. மனோதர்மத்தில் அடுத்த ஸ்வரம் அந்த ஒன்பது நொடிகளுக்குள்தான் பிறக்கிறது. ஐந்தாவது நொடியில் வெட்டினால் அது குறைப்பிரசவம்.

அப்படி ஒரு வெட்டுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த இரவில், எடிட்டிங் மென்பொருளில் அலை வடிவத்துக்குப் பதிலாக ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் திறந்தேன். நேரம் இடமிருந்து வலமாக ஓடும். அதிர்வெண் கீழிருந்து மேலாக ஏறும். ஒலியின் வலிமை வெளிச்சமாகத் தெரியும். திறந்திருந்தது மாஸ்டரிங் செய்த கோப்பன்று, தவறுதலாக மூலப் பதிவு. கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கினேன். இடக்கை ‘ஏ’ ஸ்வரத்தைத் தொட்ட கணத்தில் 55, 110, 165, 220 என்று ஏணிப் படிகளைப்போல வரிசையாகக் கோடுகள் பற்றி எரிந்தன. மேல் படிகள் இரண்டு மூன்று நொடிகளில் அவிந்தன. 110 இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அடியில் 55-இல் மட்டும் ஊதுவத்திக் கங்குபோல ஓர் ஒற்றைக் கோடு போய்க்கொண்டே இருந்தது. ஆறு, ஏழு, எட்டு நொடி. அது மங்கிக் கறுப்போடு கலந்த இடத்தில், ஒரு விரல்கடை தள்ளி, என் வலக்கையின் அடுத்த ஸ்வரம் இருந்தது.

அடுத்த இடைவெளிக்குப் போனேன். அங்கும் அப்படியே. ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு 23 நிமிடங்களையும் கணக்கெடுத்தேன். ஐந்து நொடிக்கு மேற்பட்ட நிறுத்தங்கள் பதினான்கு. அவற்றில் பதினொன்று அந்த 13-ஆவது கட்டைக்குப் பிறகு வந்தவை. அந்தப் பதினொன்றில் எதிலும் கோடு அவிவதற்கு முன் நான் அடுத்த ஸ்வரத்தைத் தொடவில்லை. என்ன வாசிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அறை பேசி முடிக்கக் காத்திருந்திருக்கிறேன். பியானோ சுவரோரமாக இருப்பதால் வாசிப்பவன் தலையும் சுவரோரம்தான், அதாவது அந்த அலையின் அழுத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில். நாற்காலி வழியாக முதுகுத்தண்டில் ஏறிய அதிர்வையும் சேர்த்தால், எனக்கு ஒரு தம்புரா கிடைத்திருக்கிறது. அதை நான் கேட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியாது.

பிறகு மாஸ்டரிங்கில் உட்கார்ந்து, பாட்டை வைத்துக்கொண்டு தம்புராவை அழித்திருக்கிறேன். அழிக்காமல் விட்டிருந்தாலும் தங்கையின் அலைபேசி அதைக் காட்டியிருக்காது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒலிபெருக்கியால் 55 ஹெர்ட்ஸை அசைக்க முடியாது. ஆக அவள் கேட்டது பதில்களை மட்டும், கேள்விகள் அடித்து அழிக்கப்பட்ட ஓர் உரையாடலை.

1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆபரா அரங்கில் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் மனோதர்மமாக வாசித்த கதையைப் பியானோக்காரர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். கேட்ட பியானோ வராமல் கீழ் ஸ்தாயி மெலிந்து, மேல் ஸ்தாயி தகரம்போல ஒலித்த வேறொன்று மேடையில் நின்றது. அவர் நடு ஸ்தாயியிலேயே உழன்று, இடக்கையில் திரும்பத் திரும்பச் சுழலும் வடிவங்களைப் பிடித்துக்கொண்டு இரவைக் கடந்தார். குறையை வென்ற மேதைமை என்றுதான் அந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு: கை எந்த இடத்துக்குப் போகக்கூடாது என்பதை அந்தப் பியானோ சொல்லிக்கொடுத்தது, கை கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு வாசித்த பின் அந்தப் பியானோவைத் திருத்தி என்ன பயன்? திருத்துவதென்றால் வாசிப்பதற்கு முன் திருத்த வேண்டும்.

பியானோவை நகர்த்தியது

இந்த முடிவுக்கு வந்ததும் அறையைத் திருத்தக் கிளம்பினேன். முதலில் செய்தது, எல்லாரும் செய்யும் முட்டாள்தனம். வீட்டிலிருந்த இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டையும் சுவரில் சாய்த்தேன். மேல் ஸ்தாயியின் மினுக்கம் செத்தது. 55 ஹெர்ட்ஸ் துளியும் அசையவில்லை. அந்த அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல். நான்கு அங்குல மெத்தை அதற்கு ஒரு கொசுவலை. என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, இன்றிரவு நாங்கள் எதில் படுப்பது என்பதுதான்.

பிறகு சக்கரங்களில் எண்ணெய் விட்டு, எதிர்வீட்டுப் பையன்கள் மூவரின் துணையோடு, பியானோவை நீளவாட்டுச் சுவரிலிருந்து எடுத்து அகலவாட்டுச் சுவரின் நட்டநடுவில் நிறுத்தினோம். அகலத்தில் நிற்கும் அலைக்கு நடுப்புள்ளி அழுத்தமற்ற இடம். அங்கே நின்று தட்டினால் அது எளிதில் விழித்துக்கொள்ளாது. ஒரு வாரம் கழித்து ட்யூனர் வந்து ஸ்ருதி பார்த்தார். இடம் மாறியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஈரப்பதத்தைப் பற்றிய வழக்கமான புலம்பல் மட்டும்.

அன்றிரவே வாசித்தேன். நிறுத்தங்கள் தாமாகவே குறைந்துவிட்டன. மறுநாள் அளந்து பார்த்தபோது மூன்று நொடி, நான்கு நொடி. அதற்கு மேல் இல்லை. குறைக்க வேண்டும் என்று நான் நினைக்கக்கூட இல்லை. தங்கையின் கேள்விக்கு இதைவிடச் சரியான விடை இல்லை என்று மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் வாசிப்பு சவசவவென்று இருந்தது. இடக்கை பழைய பழக்கத்தில் 13-ஆவது கட்டைக்குப் போய், எதிர்பார்த்தது கிடைக்காமல், படியில்லாத இடத்தில் கால் வைத்ததுபோலத் தடுமாறித் திரும்பியது. இரண்டு வாரம் இப்படி. வாசிக்கவே பிடிக்காமல் நான்கைந்து இரவுகள் தூங்கிப்போனேன்.

மூன்றாவது வாரத்துப் பதிவுகளை வரிசையாகக் கேட்டபோதுதான் கவனித்தேன்: எல்லாம் ‘எஃப்’ ஸ்வரத்தில், நம் நான்கு கட்டையில், வந்து உட்கார்ந்திருந்தன. நான் திட்டமிடவில்லை. அளவுநாடாவையும் கணிப்பானையும் எடுத்தேன். அறையின் நீளம் 13 அடி, அதாவது 3.96 மீட்டர்; அதற்குரிய அதிர்வெண் 44 ஹெர்ட்ஸ். பியானோவின் கீழ் ‘எஃப்’ 43.65. பியானோவை அகலத்தின் நடுவில் நிறுத்திய நான், நீளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். முன்புபோல அச்சொட்டான பொருத்தம் இல்லை, குமுறலும் இல்லை. இருந்தாலும் அரையிருட்டில் ஏதோ ஒன்று கூட இருக்கிறது என்பதை இடக்கை மோப்பம் பிடித்து, மூன்றே வாரத்தில் அங்கே பாய் விரித்துவிட்டது. ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. ஆனால் நிறுத்தங்கள் மீண்டும் ஆறு நொடியைத் தொட ஆரம்பித்திருக்கின்றன.

பழைய 23 நிமிடம்

புதிய பதிவுகள் இருக்கட்டும். பழையதை என்ன செய்வது என்ற கேள்வி நின்றது. சிறிய ஒலிபெருக்கிகளுக்காகச் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு: 55-ஐக் கேட்க முடியாதென்றால், அதன் மடங்குகளான 110, 165 ஆகியவற்றைச் செயற்கையாகச் சேர்த்தால் காது அடி ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். செய்து பார்த்தேன். அலைபேசியில் இடைவெளிகள் நிறைந்தன என்பது உண்மை, வண்டு புகுந்த புட்டியைப்போல. விட்டுவிட்டேன்.

அடுத்தது, சத்த அளவு. முதல் முறை செய்ததில் ஸ்பாட்டிஃபை தன் இயல்பு நிலையில் குறியாக வைத்திருக்கும் −14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவை எட்டுவதற்காக, −22-இல் இருந்த வாசிப்பை, உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் போட்டு எட்டு டெசிபெல் தூக்கியிருந்தேன். தூக்கினால் விரல் விழும் முனை மழுங்கும். கரையும் வால் எட்டு டெசிபெல் உயரும். கூடவே அறையின் இரைச்சலும் உயரும். அதை அழிக்க இரைச்சல் நீக்கி. அது கரையும் வாலின் நுனியில் நீர்க்குமிழிபோலக் களகளக்கும். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது அந்தச் சத்த அளவியின் கணக்கு. அது 400 மில்லிநொடித் துண்டுகளாக ஒலியை அளக்கிறது. சராசரியைவிடப் பத்து அளவு தாழ்ந்துபோன துண்டுகளைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. பேச்சுக்கும் திரைப்படத்துக்கும் அது நியாயமான விதிதான். ஆனால் என் கார்வைகளின் பின்பாதி முழுவதும் அந்தத் தள்ளுபடியில் போய்விடும். நான் எதற்காக இரவெல்லாம் உட்கார்ந்தேனோ அது அளவிக்குப் பொருட்டே இல்லை.

ஆகவே மூலப் பதிவுக்கே திரும்பினேன். 55 ஹெர்ட்ஸ் வெட்டை 9-லிருந்து 2 டெசிபெலாகக் குறைத்தேன். அதுவும் பெரிய ஒலிபெருக்கி வைத்திருப்பவர் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரக்கூடாது என்பதற்காக. லிமிட்டர் இல்லை, இரைச்சல் நீக்கி இல்லை. பதினெட்டாவது நிமிடத்தில் தொலைவில் ஒரு விமானம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். 16 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் என்னும் நுண்ணிய இரைச்சலை மட்டும் சேர்த்தேன். ஓசை கரைந்து மறையும் இடத்தில் படிப்படியாக உடையாமல் இருக்க அது வேண்டும். மெல்லிய இசைக்கு அது சடங்கன்று. சத்தம் −21-இல் நின்றது, உச்சம் −1-இல். உச்சம் ஏற்கெனவே அங்கே இருப்பதால் ஸ்பாட்டிஃபை இதை மேலும் உயர்த்தாது. அக்கம்பக்கத்துப் பாடல்களைவிட ஏழு டெசிபெல் மெலிந்தேதான் ஒலிக்கும். வேண்டியவர்கள் கூட்டிக் கேட்டுக்கொள்ளட்டும் என்று வெளியிட்டேன்.

தங்கைக்கு இணைப்பை அனுப்பி, தயவுசெய்து ஹெட்ஃபோனில் கேள், அதுவும் ராத்திரியில் கேள் என்று இரண்டு வரி எழுதினேன். மறுநாள் காலை குரல்பதிவு வந்திருந்தது. “இப்ப புரியுது, நீ எங்க நிக்கறேன்னு. அந்தக் கீழ் ஸ்வரம் போய்க்கிட்டே இருக்கு, எனக்கும் காத்திருக்கத் தோணுச்சு. ஆனா அண்ணா, உன்னோடது சின்னதா இருக்குன்னு வால்யூமை முழுசா வெச்சுட்டு அப்படியே படுத்துட்டேன். உன்னோடது முடிஞ்சதும் அதுவா ஒரு குத்துப் பாட்டை எடுத்துப் போட்டுச்சு பாரு, தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தேன்.”